பெட்டிமேல் வைத்த பொட்டு

ஆயுத பூஜை அன்று மற்ற ஊர்களில் அரிவாளுக்கும் தராசுக்கும் பொட்டு வைப்பார்கள். ஒரகடத்தில் ரோபோவுக்கு வைப்பார்கள். இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம் செல்லக்கனி வேலை பார்த்த கம்பெனியில் சந்தனத்துக்குத் தப்பியது மேனேஜரின் வழுக்கைத் தலை ஒன்றுதான். சாலிடர் மெஷினுக்குப் பொட்டு, சரக்கு தள்ளும் வண்டிக்குப் பொட்டு, தீயணைக்கும் சிவப்பு உருளைக்குப் பொட்டு, காப்பி மெஷினுக்குக்கூட ஒரு பொட்டும் ஒரு முழம் கதம்பமும். தூசு ஆகாது, பொடி ஆகாது என்று வருஷம் முழுக்கத் தலைக்குத் தொப்பியும் காலுக்கு உறையும் மாட்டி நடக்கவிடுகிற அதே கம்பெனிதான். சரஸ்வதியிடம் மட்டும் அவர்கள் சட்டம் பேசமாட்டார்கள்.

கம்பெனி செய்தது காருக்கான மீட்டர். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டுமே, பெட்ரோல் காட்டுமே, அந்தப் பலகை. அதற்குள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கறுப்பாக ஓர் ஐசி சில்லு உட்காரும். பிளாஸ்டிக் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்தது, அட்டைப்பெட்டி படப்பையிலிருந்து வந்தது, பெண்கள் தெற்கே திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்தார்கள். அந்த ஐசி மட்டும் கடல் தாண்டி வரவேண்டும். சினிமாச் சுருள் போல ரீலில் சுற்றி, காற்றுப் புகாத வெள்ளிப் பையில் போட்டு, பைகளைப் பெட்டியில் அடுக்கி வரும். அது வந்தால் லைன் ஓடும். வராவிட்டால் மற்ற எல்லாம் இருந்தும் ஒன்றும் இல்லை.

செல்லக்கனி சாத்தான்குளத்துக்காரி. லைனில் ரீல் மாட்டுவது அவள் வேலை. பயிற்சியாளர் என்று பெயர் வைத்து இரண்டு வருஷம் ஓட்டியாயிற்று, தை பிறந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அவளோடு லைனில் நின்ற முப்பது, நாற்பது பெண்களுக்கும் அதே தைதான். நிரந்தரம் ஆகிவிட்டால் யாரும் சும்மா வெளியே போகச் சொல்ல முடியாது, ஊரில் பெண் கேட்டு வருகிறவர்களின் பேச்சே மாறும். சுங்குவார்சத்திரத்து வாடகை அறைகளில் அந்தத் தை மாதத்தைப் பற்றித்தான் பேச்சு.

பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு செல்லக்கனி ஸ்டோருக்குள் நுழைந்துவிட்டாள். உள்ளே சுவரோரமாக ஐசி பெட்டிகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. முந்தின வாரம்தான் வந்து இறங்கிய சரக்கு. லைன் சூப்பர்வைசர் சுபஸ்ரீ பின்னாலேயே ஓடிவந்தாள்.

"இன்னாடி பண்றே? அட்டைப்பொட்டிக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க?"

"சோறு போடுதது இதுதானக்கா. மெஷின் என்ன செய்யுது? இத எடுத்து அங்க வைக்குது. அம்புட்டுத்தான?"

சுபஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செல்லக்கனி பெட்டிபெட்டியாக வைத்துக்கொண்டே போனாள். அவள் வைப்பது மற்றவர்கள் வைப்பது மாதிரி இருக்காது. அவள் அப்பா வாழைத்தார் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர். வண்டியின் நெற்றியில் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு வைத்து, நடுப்பொட்டுக்கு மட்டும் குங்குமம் வைப்பார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது, அப்படி வைத்த வருஷம் வண்டி படுக்கவில்லை என்பார். மகளும் அப்படியே மூன்று வைத்தாள்.

கடைசிப் பெட்டிக்கு வந்ததும் கிண்ணத்தை நீட்டினாள். "இதுக்கு நீங்களும் ஒண்ணு வைங்கக்கா."

"நானா? குவாலிட்டிக்காரன் பாத்தான்னா என்னைய தொலைச்சுடுவான்." சொல்லிக்கொண்டே சுபஸ்ரீ கட்டைவிரலைச் சந்தனத்தில் தோய்த்து, செல்லக்கனியின் மூன்று பொட்டுக்குக் கீழே அழுத்தி ஒன்று வைத்தாள். கை பழக்கமில்லை, பக்கவாட்டில் இழுபட்டு வால் முளைத்த மாதிரி ஆகிவிட்டது. இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சுபஸ்ரீ படப்பைக்காரி, டிப்ளமா படித்தவள். சூப்பர்வைசர் என்றால் கடுகு வெடிக்கிற முகத்தோடு திரிவார்கள் என்பது கம்பெனி வழக்கம், அவள் அப்படி இல்லை. முதல் வருஷம் செல்லக்கனி டைபாய்டில் விழுந்தபோது, ஆட்டோ வைத்துப் படப்பையில் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தாள். ஒரு வாரம் அவள் அம்மா கனகம் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். கூடப்பிறந்தவள் இல்லாத செல்லக்கனிக்கு அன்றையிலிருந்து 'அக்கா' என்ற வார்த்தை வாயிலிருந்து வரவில்லை, வயிற்றிலிருந்து வந்தது.

பூஜைப் பொரி நமத்துப்போவதற்குள் தாய்லாந்தில் வெள்ளம் என்று செய்தி வந்தது.

வேறு நாட்டில் மழை பெய்தால் நமக்கென்ன என்றுதான் எல்லோரும் இருந்தார்கள். ஒரு நாள் மதியம் மேனேஜர் லைனை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கேண்டீனுக்கு வரவழைத்தார். சுவரில் படம் காட்டினார். கூரை மட்டும் தெரிகிற தொழிற்சாலைகள், ஏரிபோல் நிற்கும் தண்ணீரில் வரிசையாக மூழ்கிக் கிடக்கும் புதுக் கார்கள்.

"நம்ம ஐசிய ஜப்பான்ல ஒரே ஒரு ஃபேக்டரி செய்யுது. அங்கேருந்து தாய்லாந்து போய், வெட்டி, கால் வெச்சு, டெஸ்ட் பண்ணி, அப்புறம்தான் நம்மகிட்ட வரும். அந்தத் தாய்லாந்து ஃபேக்டரிதான் இப்போ தண்ணிக்குள்ள இருக்கு" என்றார் மேனேஜர். "மார்ச்சுல ஜப்பான்ல பூகம்பம் வந்தப்ப எப்படியோ சமாளிச்சோம். இப்ப முடியல. ஸ்டோர் காலி."

முப்பிடாதி எழுந்து நின்றாள். செல்லக்கனியின் அறைத்தோழி, கயத்தாற்றுக்காரி, வாயை வாடகைக்கு விடாதவள். "அத நம்ம ஊருல செய்ய முடியாதா சார்? ராக்கெட்டெல்லாம் விடுதோம்லா?"

"ராக்கெட் விடலாம்மா. இது முடியாது." மேனேஜர் சிரித்தார். அவரோடு அதிகாரிகள் வரிசையும் சிரித்தது. என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது அதில்? நகம் அளவு கறுப்புத் துண்டு ஒன்றை உலகத்தில் ஓர் ஊரில் செய்து, இன்னோர் ஊரில் கால் ஒட்டி, அதை நம்பி நாலு கண்டத்தில் அடுப்பு எரிகிறது என்றால், அந்த ஏற்பாட்டைச் செய்த மகாராசன்கள்தான் வெட்கப்படவேண்டும். கேட்டவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

மேனேஜர் விஷயத்துக்கு வந்தார். எல்லோரும் பாதிச் சம்பளத்தோடு ஊருக்குப் போகலாம். தீபாவளி வருகிறது, போனஸை முன்னாலேயே கொடுத்துவிடுகிறோம், ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ். ஐசி வந்ததும் போன் வரும், வந்துவிடலாம். தை மாதத்து நிரந்தரம் என்று யாரோ கேட்டதற்கு, "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்றார்.

'பாத்துக்கலாம்' என்ற வார்த்தையைக் கேட்டதும் முப்பிடாதிக்குச் சுருக்கென்றது. லைனுக்குத் திரும்பியதும் எல்லோரையும் கூட்டினாள். "கம்பெனி கேட்டத் தாண்டிட்டோம்னா நம்மள ஒரு பயலும் கூப்பிட மாட்டான். தை மாசம் நிரந்தரம்னு எழுதிக் குடுக்கட்டும், அதுவரைக்கும் இங்கயே உக்காருவோம். வேலை இல்லாட்டியும் உக்காருவோம்."

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. அந்த லைன் இருந்த இடம் அப்படி. ஸ்டோருக்கும் சரக்கு ஏற்றும் வாசலுக்கும் நடுவில்தான் அவர்கள் நின்றார்கள். அந்தப் பெண்கள் தரையில் உட்கார்ந்துவிட்டால் ஸ்டோரிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வெளியே போக முடியாது. பெண்கள் அதை யோசித்துச் சொல்லவில்லை, உட்கார இடம் இருக்கிறது என்று மட்டும்தான் நினைத்தார்கள். யோசித்தவர்கள் மாடியில் இருந்தார்கள்.

செல்லக்கனிக்கும் முதலில் முப்பிடாதி சொன்னதே சரி என்று பட்டது. அதோடு ஒரு சந்தேகமும் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு இருக்க முடியாமல் சுபஸ்ரீயைத் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் மடக்கினாள்.

"அக்கா, ஸ்டோர் காலிங்காவ. பூசையன்னிக்கு நாம பொட்டு வச்ச பெட்டி எல்லாம்?"

சுபஸ்ரீ தண்ணீர்க் குழாயை மூடினாள். "அது பழைய மாடலுக்குடி. அத்த நம்ம மீட்டர்ல வெக்க முடியாது. நம்மளுது அப்பவே தீந்துகினு வந்துச்சி."

"இல்லக்கா, ரீல் மாட்டுதது நானு. பெட்டி மேல இருந்த நம்பரு நம்ம நம்பரு மாதிரிதான்…"

"மாதிரி. ஒரு எழுத்து மாறும். இன்னா செல்லம், என்னையவே சந்தேகப்படறியா?" சுபஸ்ரீயின் கண் கலங்கியது. வலதுகையைத் தூக்கிச் செல்லக்கனியின் உச்சந்தலையில் வைத்தாள். "உன் தலை மேல சத்தியமா சொல்றேன். நம்ம ஐசி ஒண்ணுகூட உள்ள இல்ல. நீங்க இங்க குந்திகினு ரகளை பண்ணா போலீஸ் வரும், உங்க பேரு கெட்டுப்போவும், அப்புறம் இந்த ரோட்டுல எந்தக் கம்பெனியும் சேர்க்காது. வூட்டுக்குப் போங்க. நான் கூப்புடறேன். முதல் போனு உனக்குத்தான்."

தலையில் வைத்துச் செய்கிற சத்தியத்தைச் செல்லக்கனி ஊரில் யாரும் விளையாட்டுக்குச் செய்யமாட்டார்கள். பொய்யாகச் செய்தால் அந்தத் தலைக்கு ஆகாது. அக்கா தன் தலைமேல் பொய்ச்சத்தியம் செய்வாள் என்று நினைக்கவே அவளுக்குக் கூசியது. தான் கண்ணால் பார்த்த நம்பரைவிட அந்தக் கையின் சூடு பெரிதாக இருந்தது.

அப்படியே போய் லைனில் பேசினாள். எப்போதும் அதிகம் பேசாதவள் பேசியதால் எல்லோரும் கேட்டார்கள். முப்பிடாதி ஒத்துக்கொள்ளவில்லை.

"எழுதிக் குடுக்காம போனா நம்ம கதி என்னளா?"

"சுபாக்கா சொல்லுதாவ. எந்தலையில கை வச்சிச் சொல்லுதாவ. கூப்பிடலைன்னா என்னையக் கேளு. நான் பொறுப்பு."

"ஒன் பொறுப்பா?"

"எம் பொறுப்பு."

மாலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஸ்வீட் பாக்ஸும் கையுமாக எல்லோரும் ஏறினார்கள். யாரும் அழவில்லை, தீபாவளிக்கு என்ன சேலை எடுப்பது என்றுகூடப் பேசிக்கொண்டார்கள். முப்பிடாதி மட்டும் ஜன்னல் வழியாகக் கம்பெனியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். செல்லக்கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தீபாவளி போயிற்று. ஊருக்குப் போனவர்கள் பாதிப்பேர் திரும்பவில்லை, மீதிப்பேர் அறைக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஐப்பசி மழை சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தைச் சகதியாக்கியது. தினமும் யாராவது செல்லக்கனியிடம் கேட்பார்கள்: "ஒங்க அக்கா கூப்பிட்டாவளா?" முதலில் ஆசையாகக் கேட்டார்கள், போகப்போகக் குத்தலாகக் கேட்டார்கள். செல்லக்கனி சுபஸ்ரீக்குப் போன் போட்டால், "தண்ணி இன்னும் வடியலடி" என்ற பதில்தான். டீக்கடை டி.வி.யில் தாய்லாந்துத் தண்ணீர் வடிந்த பிறகும் சுபஸ்ரீயின் போனில் வடியவில்லை.

கார்த்திகை பிறந்து, சாமிக்கு மாலை போட்டவர்கள் கறுப்பு வேட்டியில் நடமாட ஆரம்பித்த சமயம். செல்லக்கனி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் ஃபேஸ்புக்கைத் திறந்தாள். மாரிராஜ் ஒரு படம் போட்டிருந்தான். மாரிராஜ் அவர்கள் லைனில் மெஷின் பழுது பார்த்தவன், கோவில்பட்டிப் பையன். கம்பெனிக்கு மலேசியாவில், பினாங்கில் இன்னொரு ஆலை உண்டு. ஆவணியில் அங்கே பயிற்சிக்கு அனுப்பப்பட்டிருந்தான். கோபுரம், கடற்கரை, சீனச் சாப்பாடு என்று தினம் ஒரு படம் போடுவான்.

இந்தப் படத்தில் தொழிற்சாலைத் தொப்பி போட்ட நடுவயது அம்மாள் ஒருத்தி, முகமெல்லாம் சிரிப்பாக ஓர் அட்டைப்பெட்டியைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். கீழே எழுதியிருந்தான்: "கடல் தாண்டி வந்த நம்ம ஊரு பொட்டு! இங்க வேலை செய்யுற தமிழ் அக்கா பாத்ததும் கன்னத்துல போட்டுக்கிட்டாங்க."

பெட்டிமேல் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு. காய்ந்து வெடித்திருந்தன. நடுவில் மட்டும் குங்குமம். அதற்குக் கீழே பக்கவாட்டில் இழுபட்டு, வால் முளைத்த ஒரு பெரிய பொட்டு.

டீ கையில் ஆறியது. மாரிராஜுக்குப் போன் போட்டாள். காசு கரைவதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

"ஏ புள்ள, பாத்தியா படத்த? அது ஒன் கைதான? போன வருசம் மெஷினுக்கு வச்ச மாதிரியே மூணு பொட்டு, பாத்ததுமே நெனச்சேன்" என்றான் அவன் உற்சாகமாக.

"மாரி, அந்தப் பெட்டி எந்த மீட்டருக்கு?"

"நம்ம மீட்டருக்குத்தான். நம்ம மாடலுதான் இப்ப இங்க மூணு ஷிஃப்டும் ஓடுது. தாய்லாந்து சரக்கு வராம உலகம் பூரா லைன் நிக்குது, எங்களுக்கு மட்டும் நம்ம ஊரு ஸ்டோருல இருந்து வந்துருச்சு. தீபாவளிக்கு முன்னாடியே பிளைட்டுல வந்து எறங்கிருச்சு. அதான் இங்க பொழப்பு ஓடுது." பேசிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான். ஒரு பெண் அங்கே அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். "ஏ செல்லக்கனி… ஒங்கள ஐசி இல்லன்னு சொல்லியா அனுப்புனாங்க? படத்த எடுத்துரவா?"

"எடுக்காத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஷேர் ஆட்டோ மாறி மாறிப் படப்பைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வெயில், மழைக்கு நடுவே ஒரு நாள் அடித்தது. புது மனைகளுக்கு நட்ட கல்வரிசை தாண்டி அந்த வீடு. டைபாய்டில் படுத்திருந்த அறையின் ஜன்னல் தெரிந்தது. சுபஸ்ரீ மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாடி, வா வா! இன்னா திடீர்னு? அம்மா, செல்லக்கனி வந்துகீறா, டீ போடு!" என்று கீழே குரல் கொடுத்தாள்.

செல்லக்கனி மாடிப்படி ஏறிப் போய்ப் போனை நீட்டினாள்.

சுபஸ்ரீ ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கையிலிருந்த துணியைத் திரும்ப வாளியில் போட்டாள். அந்தத் துணியைப் போட்ட விதத்திலேயே செல்லக்கனிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆட்டோவில் வரும்போதெல்லாம், அக்காவையும் ஏமாற்றியிருப்பார்கள், அவளுக்கும் தெரிந்திருக்காது என்று ஒரு மூலையில் வேண்டிக்கொண்டேதான் வந்தாள். அந்த மூலையும் இடிந்து விழுந்தது.

"இது ஒங்க கையிக்கா" என்று கீழ்ப்பொட்டைக் காட்டினாள். "வாலு மொளைச்சது."

சுபஸ்ரீ கைப்பிடிச்சுவரில் சாய்ந்தாள். பிறகு பேசினாள், நிறையப் பேசினாள். "நான் இன்னா பண்ணட்டும்? அப்போ ஒலகத்துலயே அந்த ஐசி நம்ம ஸ்டோர்லதான் மிச்சமா இருந்துச்சி. நாலு நாட்டு ஃபேக்டரியும் கேட்டுச்சி. ஹெட் ஆபீஸ் பினாங்குக்குக் குடுன்னு சொல்லிடுச்சி. அங்க லைன் நின்னா மினிஸ்டர் போன் போடுவாராம். அங்க செய்ற மீட்டரு பெரிய பெரிய நாட்டுக்குப் போவுது. நம்ம மீட்டரு உள்ளூர் காருக்கு. நம்ம லைன் நின்னா யார் போன் போடப்போறா? நீங்க அங்க குந்திகினு இருந்தா பொட்டி வெளிய போவாது. மேனேஜர் என்னைய கூப்ட்டு, 'அதுங்க உன் பேச்சைத்தான் கேக்கும், நீதான் அனுப்பணும்'னாரு. எனக்கும் வேலை வேணாமா? இந்த வூட்டு மேல லோன் கீது."

"பெட்டிய ஏத்தும்போது நீங்க இருந்தீங்களா?"

"இருந்தேன்." சுபஸ்ரீயின் குரல் தணிந்தது. "பொட்டோட போவுதே, யாராச்சும் பாத்தா தெரிஞ்சிடுமேன்னு அழிக்கலாம்னு துணிகூட எடுத்தேன். பூஜையில வெச்ச பொட்டாச்சே… அழிக்க கை வரல."

செல்லக்கனி அவளையே பார்த்தாள். வார்த்தை தெளிவாகத்தான் வந்தது.

"அட்டைப்பெட்டியில வச்ச பொட்ட அழிக்கக் கை வரல. எந்தலையில வச்சிப் பொய்ச்சத்தியம் பண்ண மட்டும் கை வந்துச்சாக்கா?"

சுபஸ்ரீ அழ ஆரம்பித்தாள். உண்மையான அழுகைதான். அதுதான் செல்லக்கனிக்குத் தாங்கவில்லை. முழுக்கப் பொய்யாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு இறங்கியிருக்கலாம். கஞ்சி ஆற்றிக் கொடுத்த வீடும் உண்மை, இந்த அழுகையும் உண்மை, பெட்டி போனதும் உண்மை.

"உன்னைய நான் வுட்டுடுவேனாடி?" சுபஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தாள். "அடுத்த மாசம் கொஞ்சம் சரக்கு வருது. சின்னதா ஒரு லைன் ஓடும். ஆறு பேருதான், அதுலயும் அஞ்சு பேரு நிரந்தரம் ஆனவங்க. ட்ரெய்னிங் பொண்ணுங்கள்ல உன் பேரை மட்டும் சொல்லிட்டேன். மேனேஜரும் உடனே சரின்னுட்டாரு. அன்னிக்கு அத்தினி பேரையும் கிளப்பிகினு போனது நீதான்னு அவருக்குத் தெரியும். நான்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு மட்டும் இல்லேன்னா வாசலே திறந்திருக்க முடியாது சார்னு."

செல்லக்கனிக்கு இப்போதுதான் விளங்கியது. தன்னைக் கூட்டத்திலிருந்து பிரித்து, கம்பெனியின் ஆளாக மேலே எழுதிவைத்திருக்கிறார்கள். அதை எழுதியவள் அன்போடு எழுதியிருக்கிறாள். அதற்குக் கூலியாக ஒரு வேலை.

"எனக்கு வேண்டாம்" என்றாள். கையை உருவிக்கொண்டாள். மாடிப்படியில் கனகம் டீ டம்ளரோடு ஏறி வந்துகொண்டிருந்தாள். "இன்னாம்மா அதுக்குள்ள கெளம்பிட்ட? டீ குடிச்சிட்டுப் போ" என்றாள். செல்லக்கனியால் அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒதுங்கி இறங்கினாள்.

திரும்பும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் தீர்மானம் செய்துகொண்டாள். நேராகப் போய் முப்பிடாதியிடம் படத்தைக் காட்டவேண்டும். ஊரில் இருக்கிறவர்களை எல்லாம் போன் போட்டு வரவழைக்கவேண்டும். ஐசி இல்லை என்றார்களே, இதோ என்று இந்தப் படத்தைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு கேட்டில் உட்காரவேண்டும். இவ்வளவு தெளிவான சாட்சி யாருக்குக் கிடைக்கும்? நினைக்க நினைக்க அவளுக்குத் தைரியம்கூட வந்தது.

அறை வாசலில் முப்பிடாதி நின்றிருந்தாள். உள்ளே மற்ற இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேலைக்குச் சேரும்போது செல்லக்கனியிடம் போன் கிடையாது, கம்பெனியில் முப்பிடாதியின் நம்பரைத்தான் கொடுத்திருந்தாள். அதை அவள் மறந்தே போயிருந்தாள்.

"ஞாயித்துக்கெழமைன்னும் பாக்காம ஆபீசுலருந்து போன் வந்துச்சு" என்றாள் முப்பிடாதி. "செல்லக்கனி ஒண்ணாந் தேதிலருந்து டூட்டிக்கு வரணுமாம். மத்தவளுகளுக்கெல்லாம் வேலை இல்லையாம், கணக்க முடிச்சிக்கிடணுமாம். ஒனக்கு மட்டும் எப்படிளா?"

"நான் போகமாட்டேன். வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் வாரேன். நீ இதப் பாரு மொதல்ல." செல்லக்கனி படபடவென்று போனை எடுத்துக் காட்டினாள். பினாங்கு, மாரிராஜ், சுபாக்கா, துணி, பொட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "நம்ம பெட்டிளா! உள்ளயே இருந்திருக்கு. நம்மள வெளிய அனுப்பிட்டுக் கொண்டு போயிருக்கானுவ. இதக் காட்டுனா ஒரு பயலும் தப்ப முடியாது."

முப்பிடாதி போனைக் கையில் வாங்கினாள். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"மூணு பொட்டு" என்றாள். "இது ஒன் கை."

"ஆமா."

"அப்பம் பெட்டி ஸ்டோருல இருந்தது ஒனக்குத் தெரியும்."

செல்லக்கனி போனுக்குக் கை நீட்டினாள், முப்பிடாதி கொடுக்கவில்லை.

"தொட்டுப் பொட்டு வச்சிருக்க. நம்பரு பாக்கத் தெரிஞ்சவ நீதான், ரீல் மாட்டுதவ. நாங்க ஒருத்தியும் ஸ்டோருக்குள்ள போனது கிடையாது. தெரிஞ்சிருந்தும் நான் பொறுப்பு, நான் பொறுப்புன்னு எங்களக் கிளப்பி விட்டுருக்க. இப்பம் ஒனக்கு மட்டும் வேலை வருது." முப்பிடாதி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எவ்வளவு நாளா தெரியும்ளா ஒனக்கு?"

"பழைய மாடல்னு சொன்னாவளா… சத்தியம் பண்ணுனாவளா… நான் நம்பிட்டேன்ளா." தான் சொல்வது எல்லாம் உண்மை, அதை எப்படிச் சொன்னாலும் பொய்போலவே காதில் விழுகிறதே என்று செல்லக்கனிக்கு அழுகை வெடித்தது. ஒரு எட்டு முன்னால் வந்தாள். "எனக்கு ஒண்ணுந் தெரியாதுளா முப்பிடாதி. ஒந்தலை மேல சத்தியமா…"

கை உயர்ந்தது. முப்பிடாதி சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"தலையில கை வைக்காத" என்றாள்.